உளவியல் துறையில் பெண்கள்: சென்னையில் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் உளவியல் படிக்கும் பெண்கள், படித்து முடித்து இங்கேயே கல்லூரிகளில் பாடம் நடத்தும் பெண்கள், சில சமயம் அவர்களுடைய அப்பா அம்மா என்று பலரும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. இந்த ஊரில் பல வருடங்களாக உளவியல் கற்பிப்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறேன். விதிகளும் தொகைகளும் மாறக்கூடியவை. விண்ணப்பம் போடும் முன் நடப்பில் இருப்பதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உளவியல் வகுப்பில் பெண்கள்தான் நிறைந்திருக்கிறார்கள். அப்புறம் என்ன சமத்துவப் பிரச்சினை?

வகுப்பறையை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மகளிர் கல்லூரிகளை விடுங்கள், இருபாலர் கல்லூரியிலேயே உளவியல் வகுப்பில் பையன்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் படிக்க வருவது ஒன்று, அந்தத் துறையில் வேலை பார்த்து மேலே போவது இன்னொன்று. அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கை 2021-22இன்படி நாட்டில் உயர்கல்வி படிக்கும் 4.33 கோடிப் பேரில் 2.07 கோடிப் பேர் பெண்கள், கிட்டத்தட்டப் பாதி. ஆசிரியர்களில் பெண்கள் 43.4 சதவீதம். இது எல்லாப் பாடங்களுக்குமான கணக்கு. பெண்களே அதிகம் படிக்கும் உளவியலில் இந்த இடைவெளி இருக்கவே கூடாது என்று நினைப்போம். இருக்கிறது, ஆனால் வேறு வடிவத்தில்.

சென்னையில் பல கல்லூரிகளில் உளவியல் சுயநிதிப் பாடமாகத்தான் வந்தது. ஒரே கட்டடம், ஒரே வளாகம், ஒரே மாதிரி வினாத்தாள். அரசு உதவி பெறும் எய்டட் பக்கம் இருப்பவருக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஊதியம், அதாவது உதவிப் பேராசிரியர் பணியில் சேரும்போதே அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். செல்ஃப் ஃபைனான்ஸ் பக்கம் இருப்பவருக்கு நிர்வாகம் தீர்மானிப்பதுதான் சம்பளம். நெட் என்ற தகுதித் தேர்வைப் பாஸ் செய்து, பிஎச்.டி.யும் முடித்து, அந்த இரண்டாவது பக்கத்திலேயே வருடக்கணக்கில் நிற்கும் பெண்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர்.

இது சம்பளத்தோடு முடிவதில்லை. யுஜிசியின் 2022 பிஎச்.டி. விதிகள் ஆய்வு வழிகாட்டி நிரந்தர ஆசிரியராக இருக்க வேண்டும் என்கின்றன. பேராசிரியர் 8 ஆய்வு மாணவர்கள், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை எடுக்கலாம். நிரந்தரப் பணி இல்லாதவருக்குக் கைடாக வழி இல்லை. கைடாக இல்லாதவரிடம் ஆய்வு மாணவர்கள் வர மாட்டார்கள், ஆய்வுத் திட்டத்துக்கு நிதி வாங்குவதும் கஷ்டம். பத்து வருடம் கழித்துப் பேராசிரியர் பதவிக்கு ஆள் எடுக்கும்போது, “தகுதியான பெண் விண்ணப்பதாரர் வரவில்லை” என்று சொல்லிவிடுவார்கள். அதனால் ஒரு துறையில் சமத்துவம் இருக்கிறதா என்று பார்க்க நான் மாணவிகளை எண்ணுவதில்லை. யார் நிரந்தரம், யார் கைடு, தேர்வுக் குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். நீங்களும் உங்கள் கல்லூரியில் பாருங்கள்.

உளவியலை வளர்த்தவர்கள் எல்லாம் ஆண்கள்தானே? பாடப்புத்தகத்தில் பெண் பெயரே வருவதில்லையே?

பெண்கள் இருந்தார்கள். வாசலில் நிறுத்தப்பட்டார்கள், உள்ளே வந்தவர்களும் ஓரத்தில் உட்கார வைக்கப்பட்டார்கள்.

மேரி விட்டன் கால்கின்ஸ் 1890இல் ஹார்வர்டு வகுப்புகளில் விருந்தினராக உட்கார அனுமதி வாங்கினார். வில்லியம் ஜேம்ஸ் அவருக்குப் பாடம் எடுத்தார், மூன்ஸ்டர்பெர்க்கின் ஆய்வுக்கூடத்தில் ஆய்வு செய்தார். நினைவாற்றலைச் சோதிக்க இன்றும் நம் லேபில் செய்கிற இணைச் சொல் சோதனை அவருடைய ஆய்விலிருந்து வந்ததுதான். 1895இல் முனைவர் பட்டத்துக்கான எல்லாத் தேர்வையும் முடித்தார். பெண் என்பதால் ஹார்வர்டு பட்டம் தர மறுத்தது. பிறகு 1902இல் அதன் மகளிர் கல்லூரியான ராட்கிளிஃப் பெயரில் பட்டம் தருகிறோம் என்றார்கள். தான் படித்தது அங்கே இல்லையே என்று அவர் அதை ஏற்கவில்லை. 1905இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார், அந்தப் பட்டம் கையில் இல்லாமலேயே.

கிறிஸ்டின் லாட்-ஃபிராங்க்ளின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1882இலேயே ஆய்வை முடித்தவர். பட்டம் கைக்கு வந்தது 1926இல். உளவியலில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண் மார்கரெட் ஃபிளாய் வாஷ்பர்ன், 1894இல், கார்னெலில், டிட்செனரின் மாணவியாக. அதே டிட்செனர் 1904இல் பரிசோதனை உளவியலாளர்களுக்கென ஒரு குழு ஆரம்பித்தபோது பெண்களைச் சேர்க்கவில்லை. அவர் 1927இல் இறந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. தன் மாணவிக்குப் பட்டம் கொடுக்கலாம், ஆனால் ஆய்வைப் பற்றிப் பேசும் அறையில் அவர் உட்காரக் கூடாது! சக ஆய்வாளர்கள் கூடிப் பேசும் இடத்தில்தான் அடுத்த ஆய்வும் அடுத்த வேலையும் பிறக்கின்றன. அந்த இடத்தை மறுத்தது சின்ன விஷயம் இல்லை.

எலினார் கிப்சனை உங்களுக்குத் தெரியும், குழந்தைகள் ஆழத்தை உணர்கிறார்களா என்று பார்க்கும் விஷுவல் கிளிஃப் பரிசோதனை செய்தவர். கணவருக்குக் கார்னெலில் வேலை. கணவன் மனைவி இருவரையும் ஒரே இடத்தில் நியமிக்கக் கூடாது என்ற விதி இருந்ததால், இவர் வருடக்கணக்கில் சம்பளமில்லாத ஆய்வாளராக இருந்தார். 1960களின் நடுவில்தான் பேராசிரியர் பதவி வந்தது. 1992இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் பெற்றார். வகுப்பில் அந்தப் பரிசோதனையை நடத்தும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பெண் மாணவிகளுக்கு அது தேவை, ஆண் மாணவர்களுக்கு இன்னும் தேவை.

நம் ஊரில்?

இந்தியாவில் முதல் உளவியல் துறை 1916இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் வந்தது. அதற்கு முன்பே, 1914இல் ராணி மேரிக் கல்லூரியும் 1915இல் மகளிர் கிறித்தவக் கல்லூரியும் இங்கே பெண்களுக்காகத் தொடங்கப்பட்டுவிட்டன. அதனால் இந்த ஊரில் பெண் விரிவுரையாளர், பெண் துறைத் தலைவர், பெண் முதல்வர் என்பதெல்லாம் புதிது இல்லை. மகளிர் கல்லூரிகள் பெண்களுக்குத் தலைமைப் பதவியைப் பழக்கப்படுத்தின. ஆனால் ஆய்வுக்கு நேரமும் நிதியும் கிடைத்தது பெரும்பாலும் பல்கலைக்கழகத் துறைகளில். அங்கே பெண்கள் மேலே வர நீண்ட காலம் பிடித்தது.

எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது இது: சென்னையில் மனநலத் துறையைக் கட்டியெழுப்பிய பெண்கள் பலர் அதைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியேதான் செய்தார்கள். டாக்டர் சாரதா மேனன் மனநல மருத்துவர். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் முதல் பெண் கண்காணிப்பாளர். 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார், 1992இல் பத்மபூஷண் பெற்றார். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தற்கொலைத் தடுப்புக்கான சினேகாவைத் தொடங்கினார். வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் வீடற்ற, மனநலம் பாதித்த பெண்களுக்கான பேன்யனை ஆரம்பித்தார்கள். இவர்களுடைய அமைப்புகளில் வேலையோடு ஆய்வும் நடக்கிறது. ஆய்வுப் பாதை என்றால் கல்லூரி வேலை மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும் மாணவிகளுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்.

பெண்களுக்கு இயல்பிலேயே பரிவு அதிகம், அதனால் கவுன்சலிங் பொருந்தும். புள்ளியியல், பரிசோதனை ஆய்வு எல்லாம் ஆண்களுக்கு என்கிறார்களே?

இதைச் சொல்பவர்கள் உளவியல் ஆய்வைப் படித்திருக்க மாட்டார்கள். ஜேனட் ஹைட் 2005இல், பால் வேறுபாடு பற்றிய 46 மெட்டா பகுப்பாய்வுகளை, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து அலசும் ஆய்வுகளை, தொகுத்துப் பார்த்தார். பெரும்பாலான உளவியல் பண்புகளில் ஆண் பெண் வித்தியாசம் மிகச் சிறியது, அல்லது இல்லவே இல்லை என்று தெரிந்தது. அதற்கு வெகு காலம் முன்பே, 1914இல், லீட்டா ஹாலிங்வொர்த் தன் முனைவர் ஆய்வில் மாதவிடாய் நாட்களில் பெண்களின் செயல்திறன் குறைகிறதா என்று அளந்து பார்த்தார். குறையவில்லை. அவரே நியூயார்க்கில் ‘மணமான பெண்ணுக்கு ஆசிரியர் வேலை இல்லை’ என்ற விதியால் வீட்டில் உட்கார வைக்கப்பட்டவர்தான்.

புள்ளியியல் பயமாக இருந்தால் அது பயம் மட்டும்தான். புள்ளியியல் மென்பொருளான எஸ்பிஎஸ்எஸ்ஸோ ஆர் மொழியோ, உட்கார்ந்து ஒரு விடுமுறையில் கற்றுக்கொள்ளுங்கள். ஆய்வுக் குழுவில் எண்கள் தெரிந்தவர் பேச்சுக்கு எடை அதிகம். அந்த எடையை வேறு யாரிடமும் விட்டுவிடாதீர்கள்.

வேலைக்கு எடுக்கும்போது பாரபட்சம் உண்மையிலேயே நடக்கிறதா? ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது. எல்லா ஆய்வும் ஒரே திசையில் போகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1999இல் அமெரிக்காவில் ஸ்டைன்பிரைஸும் சகாக்களும் 238 உளவியல் பேராசிரியர்களுக்கு ஒரே தன்விவரக் குறிப்பை அனுப்பினார்கள். பாதிப் பேருக்குப் போன தாளில் ஆண் பெயர், மீதிப் பேருக்குப் போனதில் பெண் பெயர். புதிதாக வேலைக்கு எடுக்கலாமா என்ற கேள்விக்கு ஆண் பெயருக்கே ஆதரவு அதிகம். அப்படிச் சொன்னவர்களில் பெண் பேராசிரியர்களும் சமமாக இருந்தார்கள். மனித மனத்தின் சாய்வுகளைப் பாடமாக நடத்துகிறவர்களே இவர்கள்! அனுபவம் நிறைந்த மூத்த விண்ணப்பதாரருக்கு வித்தியாசம் மறைந்தது. ஆனால் பெண் பெயர் இருந்த தாளில் “இதை அவர் தானே செய்தாரா என்று பார்க்க வேண்டும்” என்கிற மாதிரி சந்தேகக் குறிப்புகள் நான்கு மடங்கு அதிகம்.

2012இல் மாஸ்-ரகூசினும் குழுவும் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆசிரியர்கள் 127 பேரிடம் இதே போன்ற சோதனையைச் செய்தார்கள். ஆண் பெயருக்குத் தர முன்வந்த சராசரி ஆண்டுச் சம்பளம் சுமார் 30,200 டாலர், பெண் பெயருக்கு சுமார் 26,500. மறுபக்கம், 2015இல் வில்லியம்ஸும் செசியும் செய்த ஆய்வில், தகுதி சமமாக இருந்தபோது பல துறைப் பேராசிரியர்கள் பெண்ணையே இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் சேர்த்த துறைகளில் உளவியலும் ஒன்று. இந்த முரணைப் பற்றி இன்னும் விவாதம் நடக்கிறது. என் கணிப்பு இது: மிகச் சிறந்தவர் என்று தெளிவாகத் தெரியும் பெண்ணுக்கு இன்று கதவு ஓரளவு திறந்துவிட்டது. நல்லவர், ஆனால் இன்னும் நிரூபிக்காதவர் என்ற இடத்தில்தான் சாய்வு வேலை செய்கிறது. நம்மில் பெரும்பாலோர் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

பரிந்துரைக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

மதேரா, ஹெபல், மார்ட்டின் மூவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு உளவியல் ஆசிரியர் பணிக்கு வந்த கடிதங்களைப் பற்றியது. பெண்களைப் பற்றிய கடிதங்களில் பரிவு, அனுசரிப்பு, உதவும் குணம் போன்ற சொற்கள் அதிகம். ஆண்களைப் பற்றியவற்றில் துணிச்சல், லட்சியம், தலைமை போன்றவை. முதல் வகைச் சொற்கள் கூடக் கூட வேலை கிடைக்கும் வாய்ப்பு குறைந்தது.

நம் கல்லூரிகளில் எழுதப்படும் கடிதங்களை நினைத்துப் பாருங்கள். “மிகவும் அடக்கமான, பணிவான, ஒத்துழைக்கும் மாணவி.” எழுதியவருக்கு அன்புதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கடிதம் வேலை வாங்கித் தராது. கடிதம் கேட்கப் போகும்போது ஒரு பக்கக் குறிப்பு கொண்டுபோங்கள்: எந்த அளவுகோலைத் தமிழில் தரப்படுத்தினீர்கள், எந்தப் பகுப்பாய்வைத் தனியாகச் செய்தீர்கள், எந்தக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தீர்கள். “மேம், இதையெல்லாம் சேர்த்து எழுத முடியுமா” என்று கேட்பதில் தவறே இல்லை. எந்த ஆசிரியரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

இன்டர்வியூவில் “கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை இருக்கிறதா” என்று கேட்டால்?

கேட்கக் கூடாத கேள்வி. ஆனாலும் கேட்கிறார்கள். ஷெல்லி கொரெலும் சகாக்களும் 2007இல் செய்த ஆய்வில், தன்விவரத்தில் தாய் என்று தெரிந்த பெண்ணுக்கு மதிப்பீடும் சம்பளமும் குறைந்தன. தந்தை என்று தெரிந்த ஆணுக்கு எதுவும் குறையவில்லை.

சண்டை போட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. “வகுப்பு நேரம், பணிச்சுமை பற்றிய எல்லாப் பொறுப்பையும் என்னால் ஏற்க முடியும் சார். பணி விவரத்தைச் சொன்னீர்கள் என்றால் அதைப் பற்றிப் பேசலாம்” என்று நிதானமாகத் திருப்புங்கள். குழுவில் இருக்கும் பெண் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பக்கத்து நாற்காலிக்காரர் இதைக் கேட்டால் விண்ணப்பதாரர் பதில் சொல்லும் முன் நீங்கள் குறுக்கிடுங்கள். அந்த அறையில் அதைச் செய்யக்கூடிய நிலையில் இருப்பது நீங்கள்தான்.

பிஎச்.டி. நடுவில் குழந்தை பிறந்தால் பதிவு ரத்தாகிவிடுமா?

ஆகாது. யுஜிசியின் 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்குப் பொதுவாக அதிகபட்சம் ஆறு வருடம், மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு வருடம். பெண்களுக்கு அதற்கு மேல் இன்னும் இரண்டு வருடம் சலுகை உண்டு, மொத்தம் பத்து வருடத்தைத் தாண்டக் கூடாது. மகப்பேறு அல்லது குழந்தை வளர்ப்பு விடுப்பாக 240 நாட்கள் வரை எடுக்கலாம். கைடிடம் வாயால் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். விடுப்பு விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பதிலைப் பத்திரமாக வையுங்கள். சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) சமர்ப்பிக்கும் நேரத்தில் அலுவலகத்தில் கேட்கப்படுவது தாள் மட்டுமே.

வேலையில் இருப்பவர்களுக்கு மகப்பேறு விடுப்பு எவ்வளவு?

தமிழ்நாடு அரசுப் பணியில் இருந்தால் இரண்டு குழந்தைகள் வரை 12 மாதம், 2021 ஜூலையிலிருந்து. 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தில் வந்த திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு என்றது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும் என்றது.

சுயநிதிப் பிரிவுகளில் நடப்பதுதான் மனதை வருத்துகிறது. “ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டுப் போங்கள், ஜூனில் திரும்பவும் சேர்த்துக்கொள்கிறோம்” என்று சொல்லும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு சொல்வது போலவே இருக்கும். ஆனால் அந்த ஒரு கடிதம் பணித் தொடர்ச்சியை அறுத்துவிடும். பணிமூப்பு, பணிக்கொடை, ஊதிய உயர்வு எல்லாமே முதலிலிருந்து ஆரம்பிக்கும். சம்பளமில்லா விடுப்பு என்றாவது எழுத்தில் வாங்குங்கள். ராஜினாமா மட்டும் கொடுக்காதீர்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறினால் என் ஆய்வுக் கட்டுரைகளுக்கு என்ன ஆகும்?

நம் ஊருக்கே உரிய சிக்கல் இது. படிக்கும்போது அப்பாவின் இனிஷியலோடு கட்டுரை வந்திருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் இனிஷியல். வெளிநாட்டு இதழ் குடும்பப் பெயர் கேட்கும்போது சிலர் அப்பா பெயரைப் போடுவார்கள், சிலர் கணவர் பெயரை. ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளமான ஸ்கோபஸில் தேடினால் ஒரே பெண் மூன்று ஆளாக நிற்பார், மூவருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் மேற்கோள். ஆண்களுக்கு இந்தத் தொல்லை வாழ்நாளில் வருவதே இல்லை.

முதல் கட்டுரையிலேயே பெயரை எப்படி எழுதப் போகிறீர்கள் என்று முடிவு செய்து, கடைசி வரை அதையே வையுங்கள். கல்யாணம் ஆனால் இனிஷியலை மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வீட்டில் அழைப்பிதழிலும் ரேஷன் கார்டிலும் எப்படி இருந்தாலும், ஆய்வுப் பெயர் ஒன்றாக இருக்கட்டும். ஆய்வாளருக்கான நிரந்தர அடையாள எண்ணான ஆர்கிட் எண் 16 இலக்கம், இலவசம், இன்றே எடுத்துவிடுங்கள். ஏற்கனவே பிரிந்துபோயிருந்தால் ஸ்கோபஸில் ஒன்றாக இணைக்கக் கோரிக்கை வைக்கலாம்.

நாக் (கல்லூரித் தரமதிப்பீடு) ஃபைல், கல்ச்சுரல்ஸ், மாணவிகளுக்குக் கவுன்சலிங் எல்லாம் என் தலையில் விழுகிறது. மறுத்தால் கெட்ட பெயர். என்ன செய்வது?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், கேட்பவர் மீது இல்லை.

லிண்டா பாப்காக்கும் சகாக்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், யாராவது ஒருவர் செய்தாக வேண்டிய, செய்தவருக்குப் பலன் தராத ஒரு வேலையைக் குழுவின் முன் வைத்தார்கள். ஆணும் பெண்ணும் கலந்த குழுவில் பெண்களே அதிகம் முன்வந்தார்கள், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆண்கள் மட்டும் இருந்த குழுவில் அவர்கள் தாங்களே கை தூக்கினார்கள், பெண்கள் மட்டும் இருந்த குழுக்கள் அளவுக்கே. ஆக, இது பெண்ணின் குணம் இல்லை. பக்கத்தில் பெண் இருந்தால் அவர் செய்வார் என்று எல்லோரும், அந்தப் பெண் உட்பட, எதிர்பார்ப்பதுதான் காரணம்.

உளவியல் ஆசிரியைக்குக் கூடுதல் சுமை ஒன்று உண்டு. கல்லூரி முழுவதற்கும் அவர்தான் சம்பளமில்லாத கவுன்சலர். வேதியியல் துறை மாணவி அழுதால் அங்கே அனுப்புவார்கள், ஹாஸ்டலில் பிரச்சினை என்றால் அங்கே அனுப்புவார்கள். அந்தப் பிள்ளைகளை எப்படித் திருப்பி அனுப்புவது? முடியாது. ஆனால் அதை வேலையாகக் கணக்கில் எடுக்கச் சொல்ல முடியும். எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று பெயர் குறிப்பிடாமல் ஒரு பதிவேடு வையுங்கள். பருவ முடிவில் அதைக் காட்டி, ‘இது வாரத்துக்கு இத்தனை வகுப்புக்குச் சமம், என் கால அட்டவணையில் குறையுங்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள். முதல் தடவை கிடைக்காமல் போகலாம், அடுத்த பருவமும் கேளுங்கள். உங்கள் சொந்த மாணவிக்கே நீங்கள் கவுன்சலராகவும் மதிப்பெண் போடுபவராகவும் இருப்பது தொழில் நெறிக்கும் பொருந்தாது. முழுநேரக் கவுன்சலரை நியமிக்கச் சொல்ல அதுவே வலுவான காரணம். இடையில் தாங்க முடியாத நிலையில் வரும் மாணவிக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐக் கொடுங்கள், தமிழிலும் பேசலாம்.

கைடு எல்லை மீறுகிறார். புகார் கொடுத்தால் பிஎச்.டி. போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. அதனால் விதிகளைக் கவனமாகச் சொல்கிறேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி எல்லாக் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண்மணியாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். மாணவர் தொடர்பான புகார் என்றால் மாணவர் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும் என்று யுஜிசியின் 2015 விதிகள் சேர்த்தன. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு கால அவகாசம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும்.

உங்களுக்கு மிக முக்கியமானது இதுதான்: விசாரணை நடக்கும்போதே, புகாருக்கு ஆளானவர் உங்கள் ஆய்வை மதிப்பிடக் கூடாது என்று தடுக்க அந்த விதிகளில் இடம் இருக்கிறது. புகாரிலேயே அதைக் கேளுங்கள், வழிகாட்டியை மாற்றித் தரவும் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். தேதி போட்டு எழுதிவையுங்கள். தனியாகப் போகாதீர்கள், நம்பிக்கையான ஒரு தோழியிடமோ ஆசிரியையிடமோ முதலில் சொல்லுங்கள்.

நான் முதல் தலைமுறைப் பட்டதாரி, தமிழ் வழியில் படித்தவள். இந்தப் பேச்சில் எனக்கு இடம் இருக்கிறதா?

முதல் இடம் உங்களுக்குத்தான் இருக்க வேண்டும். பெண்களுக்கான வாய்ப்பு என்று வருவதெல்லாம் ஏற்கனவே ஆங்கிலமும் தொடர்புகளும் உள்ள வீட்டுப் பெண்களிடமே போய்ச் சேர்ந்தால் அதைச் சமத்துவம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. சாதியைப் பற்றிப் பேசாமல் பெண்களைப் பற்றி மட்டும் பேசும் கூட்டங்களில் இந்தக் குறையை நான் தொடர்ந்து பார்க்கிறேன்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருந்தால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் பட்டப்படிப்புக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அடுத்து ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை, 2023இலிருந்து மாதம் 37,000 ரூபாய். வயது வரம்பு 30, பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி, ஓபிசி பிரிவினருக்கும் ஐந்து வருடத் தளர்வு. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் நெட் எழுதினால் வயது வரம்பே இல்லை. வெளியூரிலிருந்து வந்து தங்க இடம் தேடும் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுவது பழகினால் வரும். தமிழில் பேசும் மக்களிடம் நேர்காணல் எடுக்க, தமிழில் வினாநிரல் செய்ய உங்களுக்கு இருக்கும் திறமை பலருக்கும் வராது.

உளவியலில் ஆண்கள் குறைவு. இது அவர்களுக்கு அநீதி இல்லையா?

ஆண் மாணவர்கள் வர வேண்டும். ஆண் கவுன்சலரிடம்தான் பேச முடியும் என்று நினைக்கும் இளைஞர்கள் எத்தனையோ பேர். ஆனால் குறைவாக இருப்பதால் அவர்கள் பின்தங்குவதில்லை. பெண்கள் அதிகம் உள்ள தொழில்களில் ஆண்கள் வேகமாக மேலே தள்ளப்படுவதைக் கிறிஸ்டின் வில்லியம்ஸ் 1992இலேயே ஆய்வு செய்து காட்டினார்.

“பிஎச்.டி. வரைக்கும் படித்தால் மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம்” என்று வீட்டில் சொல்கிறார்கள்.

இதைக் கேட்கும் பெற்றோரிடம் நான் மரியாதையாகவே பேசுவேன், அவர்கள் கவலை உண்மையானது. மகள் படிப்பதால் விலகிப் போகும் வரன், கல்யாணத்துக்குப் பிறகு அவளைப் படிக்கவோ வேலைக்குப் போகவோ விட்டிருக்காது. முன்னாலேயே தெரிந்தது நல்லது. மகள்களுக்கு ஒன்று: பெண் பார்க்க வரும்போதே ஆய்வு எப்போது முடியும், அதற்கு வாரத்துக்கு எத்தனை நாள் வேண்டும் என்று பேசிவிடுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது பெரும்பாலும் நடப்பதில்லை.

துறைத் தலைவராக இருக்கிறேன். நான் என்ன செய்ய முடியும்?

நிறைய. ஆள் எடுக்கும்போது விண்ணப்பங்களைப் பிரிக்கும் முன்பே எதற்கு எவ்வளவு மதிப்பு என்று எழுதிவையுங்கள். ஊல்மனும் கோஹனும் 2005இல் காட்டியது இது: விண்ணப்பதாரரைப் பார்த்த பிறகு அளவுகோல் தீர்மானித்தவர்கள், அந்த வேலைக்கு ‘பொருத்தமான’ பாலினத்தவரிடம் என்ன தகுதி இருந்ததோ அதையே முக்கியம் என்றார்கள். முன்பே எழுதி வைத்தவர்களிடம் அந்தப் பாரபட்சம் காணப்படவில்லை. செலவே இல்லாத ஏற்பாடு, ஒரு வெள்ளைத்தாள் போதும்.

குழுப் பொறுப்புகளை யார் முன்வருகிறார்கள் என்று கேட்காமல் சுழற்சியில் கொடுங்கள். மாலை நாலரைக்கு மேல் துறைக் கூட்டம் வேண்டாம். விடுப்பில் போனவர் வகுப்பை மற்ற இரண்டு பெண்கள் தலையில் ஏற்றாமல், அந்த மாதங்களுக்கு ஒரு கௌரவ விரிவுரையாளரைக் கேட்டு வாங்குங்கள். அவருக்குச் சம்பளம் பேசும்போது, யுஜிசி 2019இல் சொன்ன தொகை ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்பதை நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லுங்கள். கொடுக்கப்படுவது பெரும்பாலும் அதைவிட வெகு குறைவு.

பிஎச்.டி. பாதியில் இருக்கிறது. கணவருக்கு வேறு ஊரில் வேலை. சென்னையை விட்டுப் போனால் இதுவரை செய்த ஆய்வு வீணா?

வீண் இல்லை. இது பலருக்குத் தெரிவதில்லை என்பதால் விவரமாகவே சொல்கிறேன். திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ இடம் மாறும் பெண் ஆய்வாளர், இதுவரை திரட்டிய தரவுகளைப் புதிய பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகலாம் என்று 2022 விதிகளிலேயே இருக்கிறது. ஆய்வு, பழைய நிறுவனத்துக்கோ கைடுக்கோ வேறொரு அமைப்பு நிதி கொடுத்த திட்டத்தின் பகுதியாக இருக்கக் கூடாது. மற்ற விதிகளையும் பின்பற்ற வேண்டும்.

போவதற்கு முன் டாக்டரல் கமிட்டியைக் கூட்டச் சொல்லி, இதுவரை முடித்த பாடநெறி, சேகரித்த தரவு, நெறிக்குழு ஒப்புதல் எல்லாவற்றையும் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யுங்கள். புதிய இடத்தில் கைடு சம்மதக் கடிதம் கொடுத்த பிறகுதான் இங்கே மாற்றுச் சான்றிதழ் கேளுங்கள், முன்னால் கேட்டால் நடுவில் தொங்கிப்போவீர்கள். ஆய்வேட்டில் சென்னையில் செய்த பகுதிக்குப் பழைய நிறுவனத்தையும் பழைய கைடையும் குறிப்பிட வேண்டும், விதியே அதைக் கேட்கிறது. போகாமலேயே முடிக்க முடியுமா என்றும் பாருங்கள்: தரவு சேகரிப்பு முடிந்திருந்தால், பகுதி நேரப் பதிவுக்கு மாற்றிக்கொண்டு அங்கிருந்தே எழுதி, வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) மட்டும் வந்துபோக உங்கள் பல்கலைக்கழகம் சம்மதிக்கிறதா என்று ஆய்வுப் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள்.